பெட்டி இடது பக்கம், கட்டியும் இடது பக்கம்

அம்மாவின் இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் வைத்த பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக வைத்திருக்கும் பெட்டி. அதிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே, அதே இடது மார்பின் அடிப்பக்க ஓரத்தில், போன வருடம் ஒரு கட்டி வந்தது. 1.4 சென்டிமீட்டர், ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவு. குளிக்கும்போது அம்மாவே கண்டுபிடித்தார். இங்கே மலேசியாவில், ஈப்போவில் அறுவை செய்து கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளிலிருந்து எடுத்துப் பார்த்த இரண்டு நிணநீர்க் கணுக்களிலும் புற்று இல்லை. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை, புற்றை வேகமாக வளர்க்கும் ஹெர்2 என்ற புரதம் இல்லை. எல்லாம் நல்ல சேதிதான். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அறுவைக்குப் பிறகு கதிர் சிகிச்சை பற்றிப் பேச வேண்டி வந்தது. முதலில் பார்த்த டாக்டர், பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்குக் கதிர் கொடுக்க முடியாது, முழு மார்பையும் எடுத்துவிடுங்கள் என்றார். இன்னோர் இடத்தில், பெட்டியை வலது பக்கம் மாற்றிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாமவர் அம்மாவின் வயதைப் பார்த்தார். 69. கதிரே வேண்டாம், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை போதும் என்றார். ஒரே மாதத்தில் மூன்று பேர், மூன்று வழி. யார் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூவரில் ஒருவர்கூட, கருவியின் கம்பெனியும் விவரமும் எழுதிய அம்மாவின் பேஸ்மேக்கர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். அம்மா பதின்மூன்று வயதிலிருந்து தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் விடிவதற்கு முன்னே எழுந்துவிடுவார். எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்த ஊரிலும் சுற்றிலும் நிறைய இருக்கின்றன: வயதான அம்மா, இதயத்தில் ஒரு கருவி, மார்பில் ஒரு கட்டி, பக்கத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. மூன்று மாதம் அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர் அந்தப் பெட்டியை என்ன செய்யும்?

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் பயத்தைக் கிளப்பிவிட்டார். "கரண்டு வைக்கப் போறாங்களாமே? உள்ள பேட்டரி இருக்கு, வெடிச்சிடாதா?" அவர் சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தபோது, தகனத்துக்கு முன் பேஸ்மேக்கரை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கும் என்று சொல்லி எடுத்தார்கள். அது உண்மை. ஆனால் அது தீயின் சூடு. கதிர் சிகிச்சையில் சூடும் இல்லை, கரண்டும் இல்லை. கரண்டு வைப்பது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுக்கும் அதே வகைக் கதிர், பல மடங்கு வலுவோடு, குறிபார்த்த இடத்துக்குப் போகிறது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரிதான் கொஞ்சம் தூங்கினார்.

உண்மையான ஆபத்து வேறு. பேஸ்மேக்கரில் இரண்டு பகுதி உண்டு. பேட்டரியும் மின்னணுச் சில்லும் உள்ள பெட்டி ஒன்று. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் போகும் கம்பி இன்னொன்று. கம்பியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சில்லுதான் கதிருக்கு இடம் கொடுக்காது. அதுவும் இரண்டு விதமாக.

முதலாவது, சேர்ந்துகொண்டே போகும் அளவு. கதிரின் அளவைக் கிரே என்று சொல்வார்கள். பேஸ்மேக்கர் பெட்டிக்கு மொத்தம் 2 கிரேக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் அறிக்கை 1994-இலேயே சொல்லியது. அதே சங்கம் 2019-இல் புது அறிக்கை கொண்டுவந்தது. 2-க்குள், 2 முதல் 5 வரை, 5-க்கு மேல் என்று அது பிரித்துப் பார்க்கிறது. நோயாளி துடிப்புக்கு அந்தப் பெட்டியை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்பதையும் சேர்த்து எடைபோடச் சொல்கிறது. மார்புக்குக் கொடுப்பது 26, 30, 40 கிரே. அதில் பெட்டிக்கு எவ்வளவு சிதறும் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது நியூட்ரான். இதைப் பற்றி யாரும் எங்களிடம் தானாகச் சொல்லவில்லை. கதிரின் வலுவை மெகாவோல்ட் கணக்கில் சொல்வார்கள். இயந்திரத்தை 10 மெகாவோல்ட்டுக்கு மேல் ஓட்டினால் பக்கவிளைவாக நியூட்ரான்கள் என்ற நுண்துகள்கள் உண்டாகும். அவை சில்லின் நினைவகத்தைத் தடுமாற வைக்கும். பெட்டி தன் அமைப்பை மறந்து, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் எளிய முறைக்குத் தாவிவிடும். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய புற்றுநோய் மையத்தின் ஆய்வு 2015-இல் வந்தது. இதயக் கருவி உள்ளவர்களுக்குக் கொடுத்த 249 சிகிச்சைத் தொடர்களைப் பார்த்தார்கள். 18-இல் கருவி தடுமாறியது. அதில் 15 நினைவகத் தடுமாற்றம், அத்தனையும் நியூட்ரான் உண்டாக்கும் கதிரில். மற்ற மூன்றும் தற்காலிகச் சமிக்ஞைக் குறுக்கீடு. நியூட்ரான் இல்லாத கதிரில் ஒரு கருவியின் நினைவகம்கூடத் தடுமாறவில்லை. மார்புக்கு வழக்கமாக 6 மெகாவோல்ட் போதும். ஆகவே எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்: "எத்தனை மெகாவோல்ட்டில் கொடுக்கப் போகிறீர்கள்?"

"பெட்டி மேல ஒரு ஈயத் தகட்டை வச்சு மறைச்சிட்டா?" என்று தம்பி கேட்டான். எக்ஸ்ரே அறையில் போடும் ஈய அங்கி மாதிரி. இந்த வலுவான கதிருக்கு அந்தத் தகடு ஒரு பொருட்டே இல்லை. பெட்டிக்குப் போவதில் பெரும்பங்கு உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே எதை வைத்து மறைத்தாலும் அது நிற்காது.

முழு மார்பையும் எடுப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர் இருக்கிறது என்பதற்காக மட்டும் மார்பை எடுப்பது சரியான காரணம் இல்லை என்பது என் முடிவு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தாலும், ஆயுள் ஒன்றுதான் என்று அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-இல் காட்டிவிட்டன. எடுத்துவிட்டால் கதிரே தேவைப்படாது என்ற உத்தரவாதமும் கிடையாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, கணுக்கள் நான்கோ அதற்கு மேலோ பாதித்திருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் கதிர் கொடுக்கத்தான் செய்வார்கள். அப்போது மார்பும் போய், பெட்டிக் கேள்வியும் அப்படியே நிற்கும். இன்னொரு பெரிய அறுவை என்றால், மின்கத்தியால் சுடும்போது அது பேஸ்மேக்கரைக் குழப்பாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும்.

மார்பை எடுத்துவிடுங்கள் என்று ஒரு பெண் தானே மனதார விரும்பிச் சொன்னால் அது வேறு. அம்மா அப்படிச் சொல்லவில்லை.

மாத்திரை மட்டும்

இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையிலேயே நல்ல வழி. அம்மாவைப் போன்றவர்களுக்காகவே செய்த ஆய்வு ஒன்று பிரிட்டன் தலைமையில் நடந்தது, பிரைம் 2 என்று பெயர். 65 வயதும் அதற்கு மேலும், 3 சென்டிமீட்டருக்குள் கட்டி, கணுவில் புற்று இல்லை, ஹார்மோன் வகை. எல்லோரும் மாத்திரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கதிர். பத்து வருட முடிவு 2023-இல் வந்தது. அதே மார்பில் திரும்ப வந்தது கதிர் எடுத்தவர்களில் 0.9 சதவீதம், எடுக்காதவர்களில் 9.5 சதவீதம். ஆனால் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 81 சதவீதம். அதாவது கதிர் எடுக்காவிட்டால் பத்து வருடத்தில் நூறில் எட்டொன்பது பேருக்குக் கூடுதலாக அதே மார்பில் திரும்ப வரும், ஆனால் ஆயுள் குறையாது.

எழுபதை நெருங்கும் ஒருவருக்கு, இதயமும் பலவீனமாக இருந்தால், மருத்துவமனைக்கு அலையவே முடியாது என்றால், இந்தக் கணக்கு மாத்திரைப் பக்கம்தான் சாயும். சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அது சாயாததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். மேடு பள்ளத்தில் முப்பது வருடம் பால் வாளி சுமந்த முழங்கால். அந்த மாத்திரைகளில் ஒரு வகை மூட்டுவலியைக் கிளப்பிவிடும். எலும்பையும் மெலிய வைக்கும். அம்மா ஏற்கெனவே ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை போடுகிறார். அதில் ஒன்றைத் தலை சுற்றுகிறது என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியது மூன்று மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை மட்டும் என்ற வழி, ஐந்து வருடம் விடாமல் போடுவார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பாதியில் நிறுத்தினால் கதிரும் இல்லை, மாத்திரையும் இல்லை. அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போடுறேன். ஆனா வலி வந்தா விட்டுருவேன், பொய் சொல்ல மாட்டேன்." அந்த நேர்மையான பதில்தான் எங்களைக் கதிர்ப் பக்கம் தள்ளியது. உங்கள் வீட்டிலும் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

பெட்டியை மாற்றுவது

கேட்க எளிதாக இருக்கும்: இடது பக்கம் இடைஞ்சல், வலது பக்கம் மாற்று. நாங்களும் முதலில் இதற்குத்தான் தயாரானோம். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

பெட்டியைத் தனியாக எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிவிட முடியாது. கம்பிகள் இடது தோளடி ரத்தக்குழாய் வழியே போயிருக்கின்றன. ஒன்று, அந்தக் கம்பியைத் தோலுக்கடியில் நீட்டி நெஞ்சைத் தாண்டி வலது பக்கம் கொண்டுபோக வேண்டும். அல்லது வலது பக்கத்திலிருந்து புதிதாகக் கம்பி விட்டு, பழையதை மூடி உள்ளேயே விட வேண்டும். அம்மாவின் கருவி எம்.ஆர்.ஐ எடுக்க ஏற்றது என்று அட்டையில் இருக்கிறது. உபயோகமில்லாத கம்பி உள்ளே கிடந்தால் அந்தத் தகுதி போய்விடும். பழைய கம்பியை இழுத்து எடுப்பதோ, ஆறு வருடத்தில் சதையோடு ஒட்டிப்போனதை எடுப்பது. லேசான வேலை இல்லை. எந்த வழியிலும் கிருமித்தொற்று பயம் உண்டு. பேஸ்மேக்கரில் தொற்று வந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. புதுக் கம்பி வைத்தால் அது பிடித்துக்கொள்ளும் வரை, நான்கு முதல் ஆறு வாரம், அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. ஆனால் மார்புக் கதிருக்குப் படுக்கும்போது பல இடங்களில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். ஆகவே காத்திருக்க வேண்டும். கீமோ இல்லாதவர்களுக்கு அறுவை முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் கதிரைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். இதயப் பிரிவில் தேதி கிடைக்க ஒரு மாதம், ஆறுவதற்கு ஆறு வாரம் என்று கூட்டிப் பாருங்கள்.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காத்திருப்புக் கூடத்தில் பீடோரிலிருந்து வந்த ஓர் அக்காவைச் சந்தித்தோம். அவருக்கும் இடது பக்கம், அவருக்கும் பேஸ்மேக்கர். ஆனால் கணுக்கள் பாதித்திருந்தன. அப்படியானால் காறை எலும்புக்கு மேலும் கீழும் உள்ள இடத்துக்கும் கதிர் கொடுக்க வேண்டும். பெட்டி இருப்பதே அங்கேதான். கதிரின் நேர்வழியில் பெட்டி வந்துவிடும், 5 கிரேயை எங்கோ தாண்டிவிடும். பெட்டியைக் காப்பாற்றக் கதிரைக் குறைத்தால் புற்று தப்பிவிடும். அவருக்கு மாற்றினார்கள், அதுதான் சரி. இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்களின் அமெரிக்கச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: பெட்டி இருக்கும் இடம் சிகிச்சையைக் கெடுக்கும் என்றால் மாற்றலாம்; பெட்டிக்குப் போகும் மொத்த அளவு 5 கிரேக்குள் என்றால் மாற்றத் தேவையில்லை.

ஆகவே மாற்றச் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். "மாற்றாமல் திட்டம் போட்டால் பெட்டிக்கு எத்தனை கிரே போகும்? கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். எங்களிடம் மாற்றச் சொன்ன இடத்தில் கணக்குப் போடவே இல்லை.

இருக்கும் இடத்திலேயே விட்டு, அளந்து கொடுப்பது

நாங்கள் தேர்ந்தது இது. இதற்கு முதலில் தெரிய வேண்டியது, அம்மாவின் இதயம் பெட்டியை நம்பி மட்டும்தான் துடிக்கிறதா என்பது.

பேஸ்மேக்கர் சோதிக்கும் கிளினிக்குக்குப் போனோம். ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் அதனதன் சோதனைக் கணினிதான் வேலை செய்யும், அதனால்தான் அட்டை அவ்வளவு முக்கியம். அம்மாவைப் படுக்க வைத்து, கணினி மவுஸ் போன்ற ஒன்றை அந்த மேட்டின் மேல் வைத்தார் அங்கிருந்த தம்பி. திரையில் கோடுகள் ஓடின. "அம்மா, இப்ப கொஞ்சம் வேகத்தைக் குறைக்கப் போறேன், தலை சுத்தினா சொல்லுங்க." 60-இலிருந்து 55, 50, 45. அறையில் யாரும் பேசவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். "லேசா வெறுமையா இருக்கு" என்றார். அதற்குக் கீழே பெட்டி ஒதுங்கிக்கொண்டது, அம்மாவின் இதயம் தானே 44-இல் துடித்தது. மெதுவாகத்தான், ஆனால் தானே. தம்பி மறுபடி வேகத்தைக் கூட்டிவிட்டு, "நம்பியிருக்கல" என்று எழுதினார். நிமிட நேரம் பெட்டி தடுமாறினாலும் அம்மா மயங்கிவிட மாட்டார் என்று அர்த்தம். சொந்தத் துடிப்பே இல்லாதவர் என்றால் அதே சிகிச்சையை இன்னும் கூடுதல் காவலோடு கொடுக்க வேண்டும்: நாடித்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே, அவசர வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

அடுத்தது திட்டம். கதிர் மையத்தின் இயற்பியலாளர் மூன்று திட்டம் போட்டுக் காட்டினார். முழு மார்புக்கும் 15 நாளில் 40 கிரே: பெட்டிக்கு ஏறக்குறைய 1.6. முழு மார்புக்கும் 5 நாளில் 26 கிரே: ஏறக்குறைய 1. கட்டி இருந்த இடத்துக்கும் அதைச் சுற்றியும் மட்டும், ஒன்று விட்டு ஒரு நாளாக 5 முறை, மொத்தம் 30 கிரே: பெட்டிக்கு 0.3-க்கும் கீழே. மூன்றும் 2-க்குள்தான், மூன்றும் 6 மெகாவோல்ட்தான். கடைசித் திட்டத்தில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? முழு மார்பு என்றால் கதிரின் மேல் விளிம்பு பெட்டிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வந்துவிடுகிறது. அம்மாவின் கட்டி அடிப்பக்கம் இருந்ததால், பகுதி மார்பு என்றால் விளிம்பு பத்து சென்டிமீட்டருக்கும் தள்ளி நின்றது. தூரம் கூடக் கூடச் சிதறல் வேகமாகக் குறைகிறது. கட்டி மார்பின் மேல்பக்கம் இருந்திருந்தால் இந்த லாபம் கிடைத்திருக்காது.

ஐந்து நாளில் முடிப்பது அவசரக் கோலமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020-இல் வந்தது. ஐந்து வருடத்தில் அதே மார்பில் திரும்ப வந்தது 15 நாள் எடுத்தவர்களில் 2.1 சதவீதம், 5 நாளில் 26 கிரே எடுத்தவர்களில் 1.4. பகுதி மார்புக்கு இத்தாலியில், ஃபுளோரன்ஸில், பத்து வருடம் பார்த்திருக்கிறார்கள்: முழு மார்புக்கு 2.5, பகுதிக்கு 3.7. வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் பகுதி மார்பு எல்லோருக்கும் பொருந்தாது. வயது, சின்னக் கட்டி, சுத்தமான கணு, எல்லாம் கூடிவந்தால்தான்.

பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் ஒன்றை மறந்துவிட இருந்தோம். இடது மார்பு என்றால் பின்னாலேயே இதயம் இருக்கிறது. இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று 2013-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அம்மாவின் இதயத்தில் ஏற்கெனவே குறை இருக்கிறது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து இதயம் மார்பை விட்டு விலகும், அந்த நேரத்தில் கதிரைக் கொடுக்கலாம். அம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தி எண்ண எண்ண, இருபது வரை மூச்சைப் பிடித்துப் பழகினார். பெட்டிக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே இதயத்துக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

முதல் நாள் அம்மாவின் மேட்டின் மேல் சின்ன சில்லு ஒன்றை டேப் போட்டு ஒட்டினார்கள். விரல் நகம் அளவுகூட இல்லை. அன்று பெட்டி இருந்த இடத்துக்கு உண்மையில் எவ்வளவு போனது என்பதை அது பதிந்துகொள்ளும். 0.05 கிரே என்று வந்தது. ஐந்து முறைக்கு 0.25. கணக்கும் அளவும் ஒத்துப்போயின. கணக்கை நம்பலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

எங்கே போவது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் சொச்சம். தனியார் மையத்துக்குப் போனால் வீட்டில் பசியாறிவிட்டுப் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) செலவு. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது, அரசாங்கத்துடையது, செலவு குறைவு. ஆனால் இருநூற்றைம்பது கிலோமீட்டர். தினம் போய்வர முடியாது, தங்க வேண்டும். வடக்கே பினாங்குத் தீவில் மவுண்ட் மிரியம் இருக்கிறது, பெருநிலத்தில் பெர்த்தாமில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் காரில் இரண்டு மணி நேரம்போல.

சிகிச்சை எத்தனை நாள் என்பதே ஊரைத் தீர்மானித்துவிடும். பதினைந்து நாள் என்றால் வடக்கே போய்வரத் தம்பியால் லீவு எடுக்க முடியாது, நாங்கள் ஈப்போவுக்குக் கடன் வாங்கியிருப்போம். ஐந்து முறை, ஒன்று விட்டு ஒரு நாள் என்றதும் வடக்குப் பக்கம் போவது சாத்தியமானது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வாரத்தில் ஐந்து பயணம். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம்; அம்மாவுக்கு அது தாமதம்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்: சிகிச்சை நடக்கும் நாளில் பேஸ்மேக்கரை யார் சோதிப்பார்கள்? கதிர் இயந்திரம் ஓர் ஊரிலும், உங்கள் கம்பெனிக் கருவியைச் சோதிக்கும் ஆள் வேறு ஊரிலும் இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும். எங்கள் மையத்தில் முன்னதாகச் சொல்லி வைத்தால் ஆளை வரவழைத்தார்கள். சொல்லாமல் போயிருந்தால் முதல் நாளே திரும்பி வந்திருப்போம்.

பணத்துக்கு: 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பத்தவர் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு ஓர் ஊக்கத்தொகையும் போக்குவரத்துக்கு ஒரு தொகையும் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் கேளுங்கள், ஐசியோடு (அடையாள அட்டை) போங்கள். நாங்கள் கேட்கத் தாமதித்தோம், முதல் நாளே கேட்டிருக்கலாம்.

சிகிச்சை முடிந்த அன்றே பேஸ்மேக்கரை மறுபடி சோதித்தார்கள். பேட்டரி, கம்பி, அமைப்பு எல்லாம் முன்பு எழுதி வைத்த எண்களோடு ஒத்திருந்தன. தோலில் கொஞ்சம் சிவப்பு, அதுவும் மூன்று வாரத்தில் போய்விட்டது. மாத்திரை தொடங்கியிருக்கிறார். முழங்கால் வலி வருகிறதா என்று நான் தினமும் கேட்கிறேன், அவரும் ஒளிக்காமல் சொல்கிறார். அடுத்த பேஸ்மேக்கர் சோதனை ஆறாவது மாதம். தேதியை எழுதி, அட்டையின் நகலோடு சேர்த்து, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.